சிவகலா தெரிந்தெடுத்த ஆட்டக்காரன்

ரெனான் ரயில் நிலையத்துக்குப் பின்னால், சரக்குப் பெட்டிகளைக் கழற்றிக் கோக்கும் தண்டவாளங்களை ஒட்டி ஒரு சலவைக்கூடம் இருந்தது. லொசான் நகரத்துச் சின்ன ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வந்து வெளுத்துப் போகும். 1984ஆம் ஆண்டின் கடைசியில் சிவகலா அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். ஊரை விட்டு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. கணவன் தவராஜா லொசானில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான்.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே எங்கேயோ போய்விடுகிற சுபாவம் சிவகலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பள்ளிக்கூடத்தில் அதற்காகப் பல தடவை முழங்காலில் நின்றிருக்கிறாள். அடுப்பில் பால் பொங்கி வழியும், அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள். தவராஜா ஏதாவது கதைத்துக்கொண்டு வந்து பாதியில் நிறுத்தி, "இப்ப எங்கை நிக்கிறீர்?" என்று கேட்பான். கோபமாய் அல்ல, வழி விசாரிப்பவனைப் போல.

அந்தச் சுபாவத்துக்கு ஏற்ற வேலை உலகத்தில் ஒன்று இருக்குமென்றால் அது இதுதான். ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் கொடுத்தால் மறுபக்கம் மொரமொரவென்று காய்ந்து வரும். ஆவி எழுந்து கூரைவரை போய் நிற்கும். வெயில் நாட்களில் பாதி விரிப்புகளை முற்றத்துக் கொடிகளிலும் காயப்போடுவார்கள். பிறகு விரிப்பின் இரண்டு முனையை ஒருத்தியும் மற்ற இரண்டை இன்னொருத்தியும் பிடித்து, கிட்ட வந்து, விலகி, மறுபடி கிட்ட வந்து மடிக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு அது ஏதோ கூத்தில் வரும் அடவு போல இருக்கும்.

மறுமுனையைப் பிடித்தவள் சலவைக்கூடத்தின் சொந்தக்காரி. மடாம் டோரதி. ஐம்பது தாண்டிய அமெரிக்கப் பெண். கடிகாரக் கம்பனி ஒன்றில் வேலை பார்த்த சுவிஸ்காரனைக் கட்டிக்கொண்டு வந்தவள். கணவன் செத்து, இந்தக் கூடமும் அவளுமாய் மிஞ்சினார்கள். ஊரில் உள்ளவர்களோடு பிரெஞ்சில் கதைப்பாள். சிவகலாவோடு ஆங்கிலம். சிவகலாவின் பள்ளிக்கூட ஆங்கிலம் தட்டுத் தடுமாறி நடந்தாலும் டோரதி காத்திருந்து கேட்பாள்.

"இஞ்சை ஏரி இருக்கு, பனி இருக்கு, எங்கட ஊரிலை இருக்கிற எல்லாம் இருக்கு," என்றாள் டோரதி ஒரு நாள். "எங்கட ஊர் ஃபுட்பால் அணி மட்டும்தான் இல்லை."

அவள் சொன்னது அமெரிக்கக் கால்பந்து. தலைக்கவசம் போட்டு, தோளில் பலகை வைத்துக் கட்டி, நீள் உருண்டைப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் விளையாட்டு. இங்கே அதைப் பார்க்க அவளுக்கு வழியில்லை. ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் அவளுடைய தம்பி அமெரிக்கப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களைக் கட்டுக் கட்டாய் அனுப்புவான். சித்திரை மாதக் கடைசியில் அங்கே ஒரு சடங்கு நடக்கும். பல்கலைக்கழகங்களில் ஆடி முடித்த பையன்களை, தொழில்முறை அணிகள் முறை வைத்துப் பெயர் சொல்லி எடுப்பார்கள். போன வருசம் மோசமாய்த் தோற்ற அணிக்கு முதல் முறை, வென்ற அணிக்குக் கடைசி முறை. அப்படிச் சுற்றுச் சுற்றாய்ப் போகும். தன் ஊர் அணி யாரை எடுக்கும் என்று முன்கூட்டியே ஊகிப்பதுதான் டோரதியின் வருசத் திருவிழா.

இதைச் சிவகலா வீட்டில் வந்து சொன்னபோது தவராஜா சோற்றில் கை வைத்தபடி யோசித்தான்.

"கையாலை தூக்கிக்கொண்டு ஓடுறதுக்கு ஏன் கால்பந்து எண்டு பேர்?"

"அது எனக்குத் தெரியாது."

"அந்தப் பொடியளுக்கு எந்த அணிக்குப் போறது எண்டு தாங்களே சொல்லேலாதோ?"

"ஏலாது. ஆர் கூப்பிடுகினமோ அங்கைதான் போகோணும்."

"எங்களை மாகாணம் மாகாணமாய், கன்டோன் கன்டோனாப் பிரிச்சு அனுப்பின மாதிரித்தான்," என்றான் தவராஜா. "நான் பேர்ணுக்குத்தான் போகலாம் எண்டு இருந்தனான். இஞ்சை விட்டாங்கள்."

டோரதியின் முறை கணக்கு முறை. பையனின் உயரம், எடை, எத்தனை விரைவாய் ஓடுகிறான், அணிக்கு எந்த இடத்தில் ஆள் குறைவு என்று எல்லாம் கூட்டிக் கழிப்பாள். துணிக் கட்டுகளில் குத்தும் சின்ன அட்டைகளில் பெயர்களை எழுதி, உருளைக்கு மேலே கொடி கட்டி, சுற்று வாரியாகத் தொங்கவிடுவாள். ஆவி எழும்போது அட்டைகள் மெல்ல ஆடும். முதல் வருசம் சிவகலா வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருசம் டோரதி சொன்னதில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. அவள் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த முறை நீயும் ஒண்டு சொல்லு. பிழைச்சால் நீ சொல்லிப் பிழைச்சதாய் இருக்கட்டும்," என்றாள்.

1986 பங்குனியில் பத்திரிகைக் கட்டு வந்தது. ஒரு பக்கத்தில், எல்லோரும் புகழ்ந்த ஒரு பெரிய ஆட்டக்காரனின் படம். அவனுக்குப் பின்னால், மங்கலாய், தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு பையன் நின்றான். எங்கள் ஆட்களைப் போலக் கறுப்பு. படம் எடுப்பவனையும் பார்க்காமல், பந்தையும் பார்க்காமல், பக்கத்துக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவர் ஆர்?" என்று கேட்டாள் சிவகலா.

டோரதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் கீழே இருந்த சின்ன எழுத்தை வாசித்தாள். "லெஸ்டர் பூன்."

"பூன்." சிவகலா சொல்லிப் பார்த்தாள். "எங்கட பாசையிலை பூண் எண்டால் நகை. நான் இவரைத்தான் சொல்லுறன். இவரை உங்கட அணி எடுக்கும்."

டோரதி சிரித்தாள். பிறகு பக்கங்களைப் புரட்டித் தேடினாள். ஆள் வேகம் போதாது, போன வருசம் முழங்காலில் அடி, படித்தது பேர் தெரியாத ஒரு கல்லூரி. "இவனை ஒருத்தரும் எடுக்க மாட்டினம், சிவா."

"எடுப்பினம்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவனும் தன்னைப் போலக் கண்ணைத் திறந்துகொண்டு எங்கோ போகிறவன் என்று அவளுக்குப் பட்டது, அவ்வளவுதான். டோரதி அட்டையில் பெயரை எழுதி, ஆறாவது சுற்றில் போனால் போகட்டும் என்று தொங்கவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விரிப்புக்கும் லெஸ்டர் பூனின் வாழ்க்கையில் ஏதாவது ஒன்று கூடிக்கொண்டே போனது. ஆற்றங்கரையில் தகரக் கூரை போட்ட வீடு. மூன்று தங்கைகள். வெள்ளைச் சட்டை போட்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பான், யாரோடும் அதிகம் கதைக்க மாட்டான். தங்கைகள் தலை பின்னிக்கொண்டு அவனைச் சீண்டுவார்கள். விரிப்பு உருளைக்குள் போகும், ஆவி வரும், அந்த ஆவிக்குள் ஆறு தெரியும். டோரதி மறுமுனையில் நின்று, "சிவா, முனையைப் பிடி," என்று கூப்பிடும்போதுதான் ரெனானுக்குத் திரும்பி வருவாள்.

தெரிவு நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் காலை, இங்கே பின்னேரம். லண்டன் தமிழ்ச் செய்தி கேட்பதற்காகத் தவராஜா வாங்கி வைத்திருந்த சிற்றலை வானொலியைச் சிவகலா துணிப் பையில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஊரில் செய்தி பிடித்துப் பழகிய கை. ஜன்னல் கம்பியில் வயரை முடிந்து, முள்ளை மயிரிழை மயிரிழையாய் நகர்த்தி, அமெரிக்கப் படையினருக்கான ஒலிபரப்பைப் பிடித்துவிட்டாள். டோரதி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய நாட்டுக் குரல் அலையாய் வந்து, கிட்ட நின்று கதைத்து, மறுபடி தூரமாய்ப் போனது.

ஆனால் அன்றைக்கு அந்தக் குரல் முதலில் சொன்னது வேறு செய்தி. சோவியத் நாட்டில் ஓர் அணு உலை வெடித்துவிட்டது, கண்ணுக்குத் தெரியாத ஒரு மேகம் மேற்கே வருகிறது என்றது. இரண்டு பேரும் ஜன்னலால் பார்த்தார்கள். வெளியே முற்றத்தில் விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"உள்ளுக்கை எடுப்பமோ?" என்றாள் சிவகலா.

"பொறு. விளையாட்டுச் செய்தி வரப்போகுது."

வந்தது. பெயர்கள் வந்தன. இரைச்சலுக்கு நடுவே டோரதியின் ஊர்ப் பெயர் கேட்டது, அதைத் தொடர்ந்து முதல் சுற்றில் எடுத்தவனின் பெயர். டோரதி சொன்ன அதே பையன்! கையில் இருந்த விரிப்பைத் தலைக்கு மேலே வீசி, அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஆடினாள். ஐம்பது தாண்டிய மனிசி, வெள்ளைக்குள் முக்காடிட்டு, தண்டவாளத்து ரயில்கூடத் திரும்பிப் பார்க்கும்படி கூவினாள். சிவகலாவும் சிரித்தாள். ஆனால் காதை வானொலியில் இருந்து எடுக்கவில்லை. ஆறாவது சுற்று வரை அது சொல்லவில்லை. குரல் மெல்ல மெல்லக் கரைந்து, கடைசியில் கடல் இரையும் சத்தம் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு இரண்டு பேருமாய் ஓடிப்போய் முற்றத்து விரிப்புகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் கிழமைகளில் சந்தையில் கீரை வாங்க ஆள் இல்லை. மழை பெய்தால் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்தார்கள். சிவகலா விண்ணப்ப விசாரணைக்குப் போய், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்தாள். இதற்குள் லெஸ்டர் பூன் அவள் மனதில் டோரதியின் ஊருக்குப் போய், வீடு எடுத்து, தங்கைகளையும் கூப்பிட்டுவிட்டான்.

வைகாசி முடிகிற நேரம் தம்பி அனுப்பிய பத்திரிகை வந்தது. எல்லாச் சுற்றும், எல்லா அணியும், சின்ன எழுத்தில். சிவகலா விரலை வைத்து ஆறாவது சுற்றைப் பார்த்தாள். பிறகு ஏழாவது. பிறகு கடைசி வரைக்கும். பிறகு, ஒருவேளை வேறு அணி எடுத்திருக்குமோ என்று முதலில் இருந்து. பூன் என்று ஒரு பெயரே இல்லை.

டோரதி கொடியில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினாள். பூனின் அட்டையை மட்டும் விட்டுவிட்டாள்.

அன்று இரவு சிவகலா சாப்பிடவில்லை. தவராஜாவுக்கு முதலில் பயம் வந்தது. விண்ணப்பம் நிராகரித்துவிட்டார்களோ என்று நினைத்தான். விசயத்தைக் கேட்டதும் சிரிப்பதா ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் முழித்தான்.

"ஆரெண்டே தெரியாத ஒரு பொடியனுக்கோ அழுறீர்?"

"ஒருத்தரும் கூப்பிடேல்லையப்பா. அவ்வளவு பேரைக் கூப்பிட்டவை. அந்தப் பொடியன் எங்கை போயிருப்பான்?"

தவராஜா ஒரு பிடி சோறு குழைத்து அவள் கையில் வைத்தான்.

ஒரு வருசம் போனது. 1987 கோடைத் தொடக்கத்தில் ஒரு காலை, வேலைக்கு வந்த டோரதி வாசலில் நின்றபடியே சிவகலாவைக் கையால் அழைத்தாள். என்ன என்று கேட்கவும் விடாமல், மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனாள். மேடைக்கு இறங்கும் சுரங்கப் பாதையில், சர்க்கஸ் விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவரொட்டி. மோர்ஜ் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். அந்த விளையாட்டு அப்போதுதான் சுவிஸில் ஆங்காங்கே முளைத்துக்கொண்டிருந்தது. கீழே சின்னதாய், 'பயிற்சியாளரும் ஆட்டக்காரருமான எல். பூன், அமெரிக்கா' என்றிருந்தது.

சிவகலா அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பசை இன்னும் ஈரமாய் இருந்தது.

"வேறை பூனாயும் இருக்கலாம்," என்றாள் டோரதி.

"ஓம். இருக்கலாம்," என்றாள் சிவகலா.

ஞாயிற்றுக்கிழமை மூவருமாய்ப் போனார்கள். தவராஜா விடுமுறை கேட்டு வாங்கி வந்திருந்தான். மோர்ஜ் நகருக்கு வெளியே, திராட்சைத் தோட்டங்களுக்குக் கீழே ஒரு திடல். ஏரிக்கு அப்பால் வெள்ளை மலை வானத்தில் பாதி கரைந்து நின்றது. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் ஆட்டக்காரரின் அம்மாமார். ஆடினவர்களும் வங்கி எழுத்தர், இறைச்சிக் கடைக்காரன், பள்ளி வாத்தியார் என்று இப்படித்தான். ஒருவன் கண்ணாடி போட்டுக்கொண்டு அதற்கு மேலே தலைக்கவசம் மாட்டியிருந்தான்.

"ஓடுறதைவிடக் கூடி நிண்டு கதைக்கிறதுதான் கூட," என்றான் தவராஜா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு.

சிவகலா எல்லா முகத்திலும் அந்தப் படத்தைத் தேடினாள். உயரமாய், அமைதியாய், எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவன். அப்படி ஒருவரும் இல்லை. நடுத்திடலில் கட்டையாய், தடித்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த ஒருவன்தான் இருந்தான். விழுந்தவனைச் சட்டையில் பிடித்துத் தூக்கி நிறுத்துவான். நல்லாய்ப் பிடித்தால் முதுகில் அறைவான். பிழைவிட்டால் இரண்டு கையையும் வானத்துக்கு நீட்டிக் கடவுளிடம் முறைப்பாடு வைப்பான். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து அவன் போட்ட சத்தத்தில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அதுதான் ஆள்," என்றாள் டோரதி. "முகம் அதுதான்."

சிவகலாவின் மனதுக்குள், மரத்தடியில் வெள்ளைச் சட்டையோடு இருந்த பையன் எழுந்து, ஆற்றங்கரை வழியே போய்க்கொண்டிருந்தான். ஒரு வருசத்துக்கு மேலே கூட இருந்தவன். அவள் அவனைப் போகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திடலைப் பார்த்தபோது, அந்தக் கட்டை மனிதன் பந்தோடு ஓடி வந்துகொண்டிருந்தான். வேகம் இல்லைத்தான். ஆனால் மூன்று பேர் தொங்கியும் விழவில்லை.

ஆட்டம் முடிய, டோரதி போய்த் தன் ஊர்ப் பெயரைச் சொன்னாள். அவ்வளவுதான், அவன் அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டான். பிறகு டோரதி சிவகலாவை முன்னால் தள்ளினாள்.

"இவதான் உன்னைத் தெரிஞ்செடுத்தவ."

அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். "எதுக்கு?"

"போன வருசத் தெரிவுக்கு," என்றாள் சிவகலா. வரும் வழியெல்லாம் அந்த ஆங்கில வசனத்தைக் கோத்துக் கோத்துப் பார்த்திருந்தாள். "ஆறாவது சுற்றிலை. எங்கட அணிக்கு. நான் உங்களைத்தான் சொன்னனான்."

அவன் சிரிப்பு நின்றது. டோரதியைப் பார்த்தான். டோரதி ஓம் என்று தலையாட்டினாள். அவன் பக்கத்தில் இருந்த வாங்கில் உட்கார்ந்தான்.

"அண்டைக்கு நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?" என்று கேட்டாள் சிவகலா.

"பெரியம்மா வீட்டிலை." இப்போது அவன் குரல் தணிந்திருந்தது. "தேவாலயத்துச் சனம் முழுக்க வந்திருந்தது. பெரியம்மா எல்லாருக்கும் சமைச்சு வைச்சிருந்தா. எடுத்தால் அணிக்காரர் டெலிபோனிலைதான் சொல்லுவினம். அது ரெண்டு தரம் அடிச்சது. ஒண்டு பிழையான இலக்கம். மற்றது என்ரை மச்சான், டெலிபோன் அடிச்சதோ எண்டு கேட்டு அடிச்சவன். அடுத்த நாள் பின்னேரம் கடைசிச் சுற்றும் முடிய, சனம் மிஞ்சின சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, சத்தம் போடாமல், ஒவ்வொருத்தராய்ப் போயிட்டுது. இந்த உலகத்திலை ஒரு வாய் என்ரை பேரைச் சொல்லேல்லை எண்டுதான் நான் நினைச்சனான்."

"இஞ்சை சொன்னது," என்றாள் சிவகலா. "உங்கட பேரை எழுதி மேலை தொங்கவிட்டிருந்தம். ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் இருக்கு."

ஆட்டம் எப்போதோ முடிந்திருந்தது. மற்றவர்கள் சட்டை மாற்றிவிட்டார்கள். லெஸ்டர் பூன் பக்கத்தில் கிடந்த தலைக்கவசத்தை எடுத்து மறுபடி தலையில் மாட்டி, வாரையும் இறுக்கிக்கொண்டான். முகம் கம்பிகளுக்குப் பின்னால் போய்விட்டது. தவராஜா மெல்ல அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வீட்டில் இருந்து கொண்டுவந்திருந்த வடைப் பொட்டலத்தைப் பிரித்து, கம்பிகளுக்குக் கீழால் ஒன்றை நீட்டினான்.

"உங்களுக்கு எத்தினை தங்கச்சிமார்?" என்று கேட்டாள் சிவகலா.

"ஒருத்தரும் இல்லை. நான் தனி."

"வீட்டுக்குக் கிட்ட ஆறு?"

"எங்கட பக்கம் கிணறே வத்திப்போகும்."

சிவகலா வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை பிழையாய் ஒருத்தியால் ஊகிக்க முடியுமா என்று அவளுக்கே அதிசயமாய் இருந்தது. லெஸ்டர் காரணம் புரியாமலே கூடச் சிரித்தான். கவசத்துக்குள் இருந்து அது குடத்துக்குள் சிரித்த மாதிரிக் கேட்டது.

அந்தக் கிழமையே அணியின் சேறு படிந்த உடுப்பெல்லாம் ரெனான் சலவைக்கூடத்துக்கு வரத் தொடங்கியது. லெஸ்டரே மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவான், நின்று விரிப்பு மடிக்க உதவுவான். அவன் மடிக்கிற சீர் டோரதிக்குப் பிடிக்காது. அவன் போன பிறகு பிரித்து மறுபடி மடிப்பாள். ஞாயிறுகளில் தவராஜாவிடம் வந்து உறைப்புக் கறி சாப்பிட்டுக் கண்ணீர் விடுவான். வசந்தத்தில் டோரதி, சிவகலா, லெஸ்டர் மூவருமாய் அட்டைகளை எழுதித் தொங்கவிட்டார்கள். இரண்டு பருவம் ஆடிவிட்டு, ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கப் போகிறேன் என்று விடைபெற்றான். அந்த வருசம்தான் சிவகலாவுக்கும் தவராஜாவுக்கும் தங்கியிருக்கும் அனுமதியான பெர்மி கிடைத்தது.

அவன் இருந்த கடைசிக் கோடையில் ஒன்று நடந்தது. டோரதி வெளியே போயிருந்த ஒரு பின்னேரம், ஹோட்டல் விரிப்புகளை யந்திரத்துக்குள் திணித்துக்கொண்டிருந்த சிவகலா வழக்கம்போல எங்கேயோ போய்விட்டாள். அணியின் புதுச் சிவப்புச் சட்டை ஒன்று கூடவே உள்ளே போனதைக் காணவில்லை. கொதிநீரில் சுழன்று முடிய, கதவைத் திறந்தால் அத்தனை விரிப்பும் இளரோசா. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்த டோரதி ஒரு விரிப்பை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒரு முனையைத் தூக்கி, மறுமுனையைச் சிவகலாவிடம் நீட்டினாள்.

ஹோட்டல்காரன் முதலில் டெலிபோனில் கத்தினான். மூன்றாம் நாள் மறுபடி எடுத்து, விருந்தாளிகள் அந்த விரிப்பில் நல்ல நித்திரை கொள்ளுகிறார்கள், மற்ற மாடிக்கும் அப்படியே தர முடியுமா என்று கேட்டான். அதனால் அந்தக் கோடை முழுவதும் ரெனான் தண்டவாளத்தை ஒட்டிய முற்றத்தில் ரோசா விரிப்புகள் வரிசை வரிசையாய்க் காற்றில் உப்பி ஆடின. ஜெனீவாவுக்குப் போகும் ரயில்களில் இருந்தவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.